எத்தனை எச்.பி. என்பது கடைசிக் கேள்வி: வீட்டுக் கிணற்றுக்கு ஏற்ற மோட்டார்

வீட்டுக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கக் கடைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை எச்.பி. வேண்டும்?" என்பதுதான். பெரும்பாலோர் பக்கத்து வீட்டில் ஓடுவதைச் சொல்கிறார்கள். ஐயம் இருந்தால் அரை எச்.பி. கூட்டிச் சொல்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய ஊர்களும் அடங்கிய காவிரிப் படுகையில், தோண்டினால் தண்ணீர் என்ற எண்ணம் தலைமுறைகளாக ஊறியிருப்பதால், கிணற்றை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் எச்.பி. என்னும் குதிரைத்திறன், கணக்கின் முடிவில் கிடைக்க வேண்டிய விடை. கிணறு எவ்வளவு தரும், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எந்தக் குழாய் வழியே ஏற வேண்டும் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் அந்த விடை வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி மோட்டாரை முதலில் வாங்கிவிட்டுக் கிணற்றை அதற்குப் பழக்க முயல்வதால்தான் பல வீடுகளில் கிணறும் கெடுகிறது, மோட்டாரும் கெடுகிறது.

கிணற்று மோட்டார் பெரிதானால் குளியலறைக் குழாயிலும் தண்ணீர் வேகமாக வரும் என்ற தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். நம் பகுதி வீடுகளில் மோட்டாரின் வேலை மொட்டை மாடித் தொட்டியோடு முடிந்துவிடுகிறது. தொட்டியிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் தண்ணீர் தன் எடையால் இறங்கி வருகிறது. தொட்டியில் நிற்கும் தண்ணீரின் மட்டத்துக்கும் குழாயின் வாய்க்கும் இடையே எத்தனை அடி இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அழுத்தம் கிடைக்கும். தொட்டித் தண்ணீருக்கு 6 அடி கீழே ஷவர் இருந்தால், அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோகூட அழுத்தம் இராது. கிணற்றில் 1 எச்.பி. மோட்டார் இருந்தாலும் 3 எச்.பி. மோட்டார் இருந்தாலும் இந்த அளவு மாறாது. ஆகவே, மாடிக் குளியலறையில் தண்ணீர் மெல்ல வருகிறது என்பதற்காகக் கிணற்று மோட்டாரைப் பெரிதாக்குவது வீண் செலவு. தொட்டியை உயர்த்தி வைக்கலாம். இறங்கு குழாயின் விட்டத்தைக் கூட்டலாம். அதுவும் போதாதென்றால், தொட்டிக்கும் குளியலறைக்கும் இடையே தனியாக ஒரு சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம். கிணற்று மோட்டாருக்கு இதில் வேலை இல்லை.

கிணறு எவ்வளவு தரும்?

கிணற்றை அளப்பதற்குச் சரியான மாதம் மே. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் தேதி மூடப்படுகிறது. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடி, வயல்களில் தேங்கி நிற்கும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில ஊர்களில் கிணற்று நீரைக் கையால் மொள்ளும் அளவுக்கு ஏறிவிடுகிறது. அணை மூடிய பிறகு, மாசி தொடங்கி வைகாசி வரை நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. அணை திறக்கும் நாளும் எல்லா ஆண்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறக்க முடிந்தது. கார்த்திகை மாதத்துக் கிணற்றைப் பார்த்து மோட்டார் வாங்குகிறவர் சித்திரையில் தவிப்பார். ஆகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது, கோடையில் நிற்கும் நீர்மட்டம்.

நீர்மட்டத்தையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடாதபோது தண்ணீர் நிற்கும் ஆழம் ஒன்று. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இறங்கி நிற்கும் ஆழம் மற்றொன்று. தண்ணீரை எடுக்க எடுக்க மட்டம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சுற்றிலுமுள்ள மணலிலிருந்து ஊற்று வேகமாகச் சுரக்கிறது. எடுப்பதும் சுரப்பதும் சமமாகும் இடத்தில் மட்டம் நிலைத்துவிடுகிறது. இந்த இரண்டாவது ஆழம்தான் மோட்டாருக்கு உண்மையான ஆழம். மோட்டார் மிகப் பெரிதாக இருந்தால் அந்தச் சமநிலை வருவதற்குள் தண்ணீர் தீர்ந்து, மோட்டார் காற்று வாங்கத் தொடங்கிவிடும்.

இதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. உறைக்கிணறாக இருந்தால், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மோட்டாரைப் போடுவதற்கு முன்பு ஒரு முறையும், ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து ஒரு முறையும், அதன்பின் கால் மணி நேரத்துக்கு ஒரு முறையும் அளந்தால் போதும். ஓடும்போதே 20 லிட்டர் வாளி ஒன்றை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 40 லிட்டர் வருகிறது என்று பொருள். போர் கிணற்றில் நூல் இறக்கினால் கேபிளிலோ கயிற்றிலோ சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. புதிதாக மோட்டார் இறக்கும்போதே அதனுடன் சேர்த்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயையும் கட்டி இறக்கச் சொன்னால், பின்னாளில் அதன் வழியே அளப்பது எளிதாக இருக்கும். மிகச் சிறிய செலவில் ஆகிற இந்த வேலையைக் கேட்டுச் செய்துகொள்கிறவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உறைக்கிணற்றுக்கும் போருக்கும் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. 4 அடி விட்டமுள்ள உறைக்கிணற்றில் ஒவ்வோர் அடி ஆழத்திலும் ஏறத்தாழ 350 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. 4 அங்குலப் போர் குழாயில் ஓர் அடிக்குச் சுமார் இரண்டரை லிட்டர்தான் நிற்கும். உறைக்கிணறு தானே ஒரு தொட்டி. ஊற்று மெதுவாகச் சுரந்தாலும், இரவெல்லாம் சேர்ந்த தண்ணீரைக் காலையில் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளலாம். போர் அப்படிச் சேர்த்து வைப்பதில்லை; நிமிடத்துக்கு எவ்வளவு சுரக்கிறதோ அதற்கு மேல் எடுக்க முடியாது. ஒரே ஊற்றிலிருந்து எடுக்கும் இரண்டு வீடுகளில், உறைக்கிணறு வைத்திருப்பவர் வீட்டு மோட்டாரைப் பார்த்துப் போர் வைத்திருப்பவர் அதே அளவை வாங்குவது சரியாகாமல் போவதற்கு இதுவே காரணம்.

எந்த வகை மோட்டார்?

தரையில் வைத்து ஓட்டும் மோனோபிளாக் மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம்; உண்மையில் அது இழுப்பதில்லை. உறிஞ்சு குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தை மோட்டார் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று, தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. காற்றின் எடை தாங்கக்கூடிய நீரின் உயரம் ஏறத்தாழ 34 அடி மட்டுமே. குழாயின் உராய்வு, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் குழாயின் அடியில் தடுக்கும் ஃபுட் வால்வின் தடை, இணைப்புகளில் நுழையும் காற்று எல்லாவற்றையும் கழித்தால், நடைமுறையில் 20 முதல் 25 அடி வரைதான் நம்ப முடியும். அதற்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் 1 எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு 5 எச்.பி. மோட்டாரை வைத்தாலும் ஒரு சொட்டு வராது. தள்ளுவது காற்றே தவிர மோட்டார் அல்ல. தை மாதம் வரை ஒழுங்காக ஓடிய மோட்டார் பங்குனியில் "ஏர் பிடிக்கிறது" என்று நாள்தோறும் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வைப்பது பெரும்பாலும் இதனால்தான். மோட்டாரில் பழுதில்லை, தண்ணீர் அதன் எல்லையைக் கடந்து கீழே போயிருக்கிறது.

மோட்டாரைக் குழி தோண்டிக் கீழே இறக்கி வைத்து அந்த எல்லையைச் சில அடிகள் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். ஜெட் மோட்டார் இன்னொரு வழி: தான் மேலே ஏற்றிய தண்ணீரில் ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்பி, ஒரு சிறு துளை வழியே வேகமாகப் பீய்ச்சி, அந்த வேகத்தால் கிணற்று நீரை மேலே தள்ளுகிறது. ஆழம் கூடும்; ஆனால் பாதித் தண்ணீர் மேலும் கீழும் சுற்றிக்கொண்டே இருப்பதால் மின்சாரம் அதிகம் செலவாகும். கோடையில் நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போகும் வீடுகளுக்கு, தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நின்று மேலே தள்ளும் சப்மெர்சிபிள் மோட்டார்தான் பொருத்தம் என்பது என் கருத்து. தண்ணீருக்குள் இருப்பதால் உறிஞ்சும் உயரம் என்ற கேள்வியே அதற்கு எழுவதில்லை.

உயரக் கணக்கு

கும்பகோணத்துக்கு அருகே ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்து பேர், ஒரு கறவை மாடு, கொஞ்சம் பூச்செடிகள். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அதன்படி ஐவருக்கு 675 லிட்டர். மாட்டுக்கும் செடிக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 1,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தாராளம். நிமிடத்துக்கு 40 லிட்டர் வந்தால் 25 நிமிடத்தில் இந்தத் தேவை நிறைவேறிவிடும். இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும்: ஒரு நாளின் 24 மணி நேரத்தில் மோட்டார் ஓட வேண்டியது அரை மணி நேரத்துக்கும் குறைவு. தொட்டி பத்தே நிமிடத்தில் நிரம்ப வேண்டும் என்ற அவசரத்தில்தான் நாம் பெரிய மோட்டார்களை வாங்குகிறோம். அந்தக் கால் மணி நேரச் சேமிப்புக்குக் கிணறு கொடுக்கும் விலை அதிகம்.

இந்த வீட்டுப் போரில் மே மாதத்தில் தண்ணீர் 30 அடியில் நிற்கிறது. நிமிடத்துக்கு 40 லிட்டர் எடுக்கும்போது இன்னும் 12 அடி இறங்கி 42 அடியில் நிலைக்கிறது. தரையிலிருந்து தொட்டியின் மேல் விளிம்பு 30 அடி. ஆக, தண்ணீர் ஏற வேண்டிய செங்குத்து உயரம் 72 அடி. குழாயில் எத்தனை வளைவு இருந்தாலும் இந்த 72 மாறாது. ஆனால் குழாயின் சுவரில் உரசிச் செல்வதற்கும் மோட்டார் உழைக்க வேண்டும். அந்த உராய்வையும் உயரமாகவே மாற்றிச் சொல்வது வழக்கம். கிணற்றிலிருந்து தொட்டி வரை குழாயின் மொத்த நீளம் 130 அடி, உள்விட்டம் 1 அங்குலம் என்றால், எல்போக்களையும் வால்வுகளையும் சேர்த்து உராய்வு ஏறத்தாழ 16 அடி உயரத்துக்குச் சமம். அதே நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலக் குழாய் போட்டால் அது 5 அடியாகக் குறைந்துவிடும். விட்டத்தில் கால் அங்குலம் கூடியதற்கு உராய்வு மூன்றில் ஒரு பங்காகிறது. மறுபுறம், அதே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீரை அனுப்ப முயன்றால் உராய்வு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். பெரிய மோட்டாரை வாங்கிப் பழைய முக்கால் அங்குலக் குழாயிலேயே இணைக்கிறவர்கள், கூடுதலாகக் கட்டும் மின்கட்டணத்தின் பெரும் பகுதியைக் குழாயின் சுவரில்தான் தேய்க்கிறார்கள்.

ஒன்றேகால் அங்குலக் குழாய் போட்டால் மொத்தம் 77 அடி. 1 அங்குலம் போட்டால் 88 அடி. அளவுகளில் சிறு பிழை இருக்கலாம் என்பதற்காக 90 அடி, அதாவது ஏறத்தாழ 27 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். இந்த மொத்தத்தைத்தான் மோட்டார்க் கடைகளில் 'ஹெட்' என்கிறார்கள். இப்போது கடையில் கேட்க வேண்டியது, "27 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் மோட்டார் எது?" என்பது. ஒவ்வொரு மோட்டாருக்கும் அதன் தயாரிப்பாளர் ஓர் அட்டவணை தருகிறார். எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அதில் இருக்கும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சுழியமாகிவிடும். பெயர்ப்பலகையில் "அதிகபட்ச ஹெட் 50 மீட்டர்" என்று எழுதியிருந்தால், 50 மீட்டரில் தண்ணீரே வராது என்று பொருள். அந்த எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. நமக்கு வேண்டிய உயரம் அந்த அட்டவணையின் நடுப்பகுதியில் அமைந்தால், அந்த மோட்டார் நம் வீட்டுக்குப் பொருத்தம்.

இதற்கு எத்தனை எச்.பி. வேண்டும்? நிமிடத்துக்கு 40 லிட்டரை 27 மீட்டர் ஏற்றும் வேலைக்குத் தேவையான ஆற்றல் 180 வாட்டுக்கும் குறைவு. சிறிய மோட்டார்கள், வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்ணீரை ஏற்றுவதற்குப் பயன்படுத்துகின்றன என்று வைத்துக்கொண்டாலும் 550 வாட் போதும். 1 எச்.பி. என்பது 746 வாட். முக்கால் எச்.பி. இந்த வீட்டின் வேலையைச் செய்துவிடும், 1 எச்.பி. என்றால் கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இதே அளவுள்ள வீடுகளில் ஒன்றரையும் இரண்டும் ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மோட்டார் பெரிதானால் என்ன ஆகும்?

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டுப் போரில் 1 எச்.பி. மோட்டார் பழுதானபோது, "ஒன்றரையாகப் போட்டுவிடுங்கள் ஐயா, பிறகு கவலையே இல்லை" என்ற ஆலோசனையை ஏற்று மாற்றினோம். தொட்டி முன்பைவிட விரைவாக நிரம்பியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த கோடையில் தொட்டியைக் கழுவியபோது அடியில் இரண்டு விரல் கனத்துக்கு நுண்மணல் படிந்திருந்தது. அதற்கடுத்த ஆண்டு தண்ணீர் பாதியாகக் குறைந்தது. மோட்டாரை மேலே எடுத்துப் பிரித்தபோது, உள்ளே சுழலும் தகடுகளின் விளிம்பு மணலால் அரைபட்டுத் தேய்ந்திருந்தது.

படுகையின் மண் ஆறு கொண்டுவந்து படிய வைத்த வண்டலும் மணலும் ஆகையால், இங்கே போர் கிணற்றில் அடி வரை பி.வி.சி. குழாய் இறக்கி, மணல் அடுக்குக்கு எதிரே மட்டும் மெல்லிய வெட்டுகள் உள்ள ஃபில்டர் குழாயை வைக்கிறார்கள். அந்த வெட்டுகள் வழியே தண்ணீர் மெதுவாக நுழைந்தால் மணல் வெளியிலேயே நின்றுவிடும். அளவுக்கு மீறி எடுத்தால் நுழையும் வேகம் கூடி, நுண்மணலையும் இழுத்துக்கொண்டு வரும். கிணறு தெளிவாகத் தரக்கூடிய அளவு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டுகிற மோட்டார் தண்ணீரோடு மணலையும் எடுக்கும். புதிய மோட்டார் போட்டதும், வாளியில் தண்ணீர் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் ஏதாவது படிகிறதா என்று பாருங்கள். படிந்துகொண்டே இருந்தால், மேலே செல்லும் குழாயிலுள்ள வால்வைச் சற்று மூடி, வரும் அளவைக் குறைத்துப் பார்க்கலாம்.

மோட்டாரை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதும் முக்கியம். சப்மெர்சிபிளில் மின் மோட்டார் அடியிலும் பம்ப் மேலேயும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் உள்ளே நுழைகிறது. கீழிருந்து வரும் தண்ணீர் மோட்டாரின் உடலைத் தழுவிச் செல்லும்போது அதன் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. ஆகவே மோட்டார் முழுவதும் ஃபில்டருக்கு மேலே, வெட்டுகள் இல்லாத குழாய்ப் பகுதியில், அதே நேரத்தில் கோடையில் ஓடும்போது நிலைக்கும் நீர்மட்டத்துக்குப் பல அடி கீழே இருக்க வேண்டும். தண்ணீர் நிறைய கிடைக்கும் என்று ஃபில்டருக்கும் கீழே இறக்கிவிட்டால், தண்ணீர் மேலிருந்து நேராகப் பம்புக்குள் போய்விடும். அடியிலுள்ள மோட்டாரைச் சுற்றித் தேங்கிய தண்ணீர் சூடேறிக்கொண்டே இருக்கும்.

கடற்கரையை நெருங்க நெருங்க, அளவுக்கு மீறி எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கைக்குக் கனம் கூடுகிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து மணல் திட்டுகளின் அடியில் மழைநீர் நன்னீராகச் சேர்ந்து, தன்னைவிடக் கனமான உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது இதற்கான எளிய கணக்கு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சமாக இருக்கும்: மேலே 1 அடி மட்டத்தை இறக்கி வைத்தால், கீழே உப்பு நீர் 40 அடி வரை ஏறி வரப் பார்க்கும். அது ஒரே நாளில் நடப்பதில்லை. ஆனால் பெரிய மோட்டாரை நாள்தோறும் ஓட்டுகிற இடத்துக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்புபோல் எழுந்து வரத் தொடங்கும். ஏறிய உப்பு திரும்ப இறங்க ஒரு மழைக்காலம் போதாமல் போகலாம். இந்த ஊர்களில் ஆழமான போரும் பெரிய மோட்டாரும் தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆழம் குறைந்த கிணறு, அரை எச்.பி. மோட்டார், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரித்து எடுத்தல், அவற்றுக்கு ஈடு கொடுக்கப் பெரிய தொட்டி: இதுதான் அங்கே பொருந்தும் அமைப்பு.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒற்றை முனை மோட்டாரின் திருப்புவிசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் விசை மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். மாலை நேரத்தில் மோட்டார் உறுமிவிட்டு ஓடாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்; அப்போது, மோட்டார் புறப்பட உதவும் கண்டன்சரை மாற்றுவதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள். ஆழம் கூடினால் கேபிளின் கனமும் கூட வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்புக் கருவியைப் போர் மோட்டார் எதற்கும் தவிர்க்கக் கூடாது. தொட்டி, நாளில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் மோட்டாரைப் போட வேண்டியிராத அளவுக்குப் பெரிதாக இருப்பது நல்லது; ஓடுவதைவிட ஒவ்வொரு முறையும் புறப்படும்போதுதான் மோட்டார் அதிகம் சூடாகிறது.

மோட்டார் பொருத்திய அன்றே நீர்மட்டம் இரண்டையும், வாளி நிரம்பிய விநாடிகளையும், தேதியையும் எழுதி ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த மே மாதத்தில் அதே அளவுகளைத் திரும்ப எடுங்கள். வாளி நிரம்ப 30 விநாடிக்குப் பதில் 45 விநாடி ஆகி, நீர்மட்டம் பழையபடியே இருந்தால், பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது குழாய் எங்கோ கசிகிறது, மெக்கானிக்கை அழைக்கலாம். நிற்கும் மட்டம் பழையபடி இருந்து, ஓடும்போது மட்டும் முன்பைவிட ஆழத்துக்கு இறங்கினால், ஃபில்டர் வெட்டுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. போரைக் கழுவ வேண்டும். இரண்டு மட்டங்களும் சேர்ந்தே இறங்கியிருந்தால் நிலத்தடி நீரே கீழே போயிருக்கிறது. மோட்டாரை மாற்றாமல், போரில் இடமிருந்தால் இன்னும் ஒரு குழாய் நீளம் கீழே இறக்குங்கள், ஃபில்டருக்கு மேலேயே அது நிற்கும்படியாக.